ஒரு நாளில் நான்கு தலங்கள்

பள்ளி விடுமுறை தொடங்கியதும் அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரத்து வீடுகளில் பேரக்குழந்தைகளின் குரல் கேட்கத் தொடங்கிவிடும். தொழிற்பேட்டையிலும் கனரக வாகனத் தொழிற்சாலையிலும் பணியாற்றி ஓய்வுபெற்ற பெரியவர்கள் வாழும் பகுதி இது. அவர்தம் பிள்ளைகளில் பலர் கடல் கடந்து வாழ்கின்றனர். வந்து தங்குவதோ இரண்டு, மூன்று வாரங்கள். உறவினர் வீடு, கடைவீதி, கல்யாணம் என்று நாள்கள் கரைந்தபின், குடும்பமாகச் சென்று வர எஞ்சுவது ஒரே நாள். அந்த ஒரு நாளையும் தாத்தா, பாட்டியின் முழங்கால் தாங்க வேண்டும். நெடுந்தூரம் அலைய வேண்டியதில்லை. அருள்மிகு தலங்கள் அருகிலேயே அமைந்துள்ளன.

காலையில் முதல் தரிசனம் வட திருமுல்லைவாயில் மாசிலாமணீஸ்வரர். சுந்தரர் பாடிய தலம். போருக்குப் புறப்பட்ட தொண்டைமானின் யானைக் கால்களை முல்லைக்கொடிகள் பின்னிக்கொண்டன. மன்னன் அவற்றை வாளால் வெட்ட, குருதி பெருகியது. உள்ளே சிவலிங்கம் இருக்கக் கண்டு, பதறித் தன் உயிரையே மாய்த்துக்கொள்ளத் துணிந்தான். இறைவன் அவனைத் தடுத்தாட்கொண்டு, நந்தியெம்பெருமானைத் துணையாக அனுப்பினார் என்பது தலபுராணம். அதனால் இங்கு நந்தி சுவாமியை நோக்காமல் வெளியே நோக்கி அமர்ந்திருக்கிறார். வாள் பட்ட திருமேனி குளிர ஆண்டு முழுவதும் சந்தனக் காப்பு. சித்திரைச் சதயத்தில் மட்டுமே அது களைந்து புதிதாகச் சாத்தப்படும். கருவறை முன் நிற்கும் வெள்ளெருக்குத் தூண்களைக் குழந்தைகளுக்குக் காட்டத் தவறக் கூடாது.

அடுத்தது திருநின்றவூர். திருமங்கையாழ்வார் மங்களாசாசனம் செய்த திவ்ய தேசம். பக்தவத்சலப் பெருமாளும் 'என்னைப் பெற்ற தாயா'ரும் அருள்பாலிக்கின்றனர். அவ்வூரிலேயே இருதயாலீஸ்வரர் கோயில் உள்ளது. பூசலார் நாயனார் சிவனுக்கு ஆலயம் எழுப்ப ஆசைப்பட்டார், பொருள் கிட்டவில்லை. மனத்துக்குள்ளேயே கல் அடுக்கி, விமானம் எழுப்பி, குளமும் தோண்டி, குடமுழுக்கு நாளும் குறித்தார். காஞ்சியில் பல்லவ மன்னன் கற்றளி கட்டி முடித்து நாள் குறித்திருந்ததும் அதே நாள். கனவில் தோன்றிய இறைவன், "அன்று நின்றவூர் அன்பன் கோயிலுக்குச் செல்கிறோம், நீ வேறு நாள் பார்" என்றருளினார். தேடி வந்த மன்னன் ஊரில் கோயில் எதையும் காணாமல் திகைத்து, உண்மை அறிந்து பூசலாரின் காலில் விழுந்தான். இக்கோயில் கருவறையில் ஈசனுடன் பூசலாரும் இருக்கிறார்.

நண்பகலில் நடை சாத்தும் நேரம். உணவும் உறக்கமுமாகப் பெரியவர்கள் இளைப்பாறலாம். மாலையில் நடை திறந்ததும் திருமழிசை ஜகந்நாதப் பெருமாள். திருமழிசையாழ்வார் அவதரித்த ஊர். அவருடைய சீடர் கணிகண்ணனைக் காஞ்சி மன்னன் ஊரைவிட்டு வெளியேற்றினான். ஆழ்வாரும் உடன் கிளம்பினார். அவர் வேண்டுகோளை ஏற்றுப் பெருமாளும் பாம்பணையைச் சுருட்டிக்கொண்டு புறப்பட்டார். ஊர் இருண்டது. மன்னன் மன்னிப்புக் கேட்ட பின்னரே மூவரும் திரும்பினர். பிள்ளைகள் வெளியூர் சென்றதும் வெறிச்சோடும் வீட்டை அறிந்தவர்க்கு இக்கதை நன்கு விளங்கும்.

நிறைவாகப் பூந்தமல்லி. 1017-இல் அவதரித்த ராமாநுஜர் குருவாகப் போற்றிய திருக்கச்சி நம்பிகளின் அவதாரத் தலம். பூந்தோட்டம் வளர்த்து, மாலை தொடுத்து, நாள்தோறும் காஞ்சிக்கு நடந்து சென்று வரதராஜருக்குச் சாத்தியவர் அவர். திருவாலவட்டம் வீசிப் பணிபுரிந்த அவரோடு பெருமாள் பேசுவார் என்பது வைணவர் அறிந்ததே. முதுமையில் நடை தளர்ந்தது. காஞ்சிக்குச் செல்ல இயலாத அடியவரைத் தேடி, வரதராஜர் பூந்தமல்லிக்கே எழுந்தருளிக் காட்சி தந்தார் என்கிறது தல வரலாறு.

பயணத்திற்கு முன் சில ஏற்பாடுகள் அவசியம். விழா நாள்களிலும் பௌர்ணமியிலும் கூட்டம் மிகும். வேறு நாள்களைத் தேர்ந்தால் நிம்மதியான தரிசனம் கிட்டும். நடை திறப்பு நேரத்தை முன்கூட்டிக் கேட்டறிய வேண்டும். மருந்து, குடிநீர் உடன் இருக்கட்டும். உடல் இடங்கொடாவிட்டால் இரண்டு தலங்களோடு நிறைவு செய்வதில் குறை ஒன்றுமில்லை. எண்ணிக்கைக்காக ஓடுவதைவிட, ஒரு பிராகாரத்தில் அமர்ந்து பேரனுக்குப் பூசலார் கதையைச் சொல்வதே பெரிது.

வாசற்படி ஏற இயலாதவரும் வருந்த வேண்டியதில்லை. மனத்தால் கோயில் கட்டியவரைத் தேடிச் சென்றவன் ஈசன். நடக்க இயலாதவரைத் தேடி வந்தவர் வரதர். வீட்டில் இருந்தபடியே நினைந்து கைகூப்பும் முதியோரையும் அவ்விருவரும் அறிவர்.