கோட்டுக்கும் கூலி உண்டு

ஒரு டிராயிங் ஷீட் போட நாம் படும் பாடு நமக்குத்தான் தெரியும். வரைவதையே பிழைப்பாகக் கொண்ட சிலரைப் பற்றிச் சொல்கிறேன்.

அமெரிக்கா, இங்கிலாந்து போன்ற நாடுகளில் 'ஸ்க்ரோல் சா' என்னும் ரம்ப மெஷினால் பலகையில் சித்திரம் வெட்டுவது பலருக்குப் பொழுதுபோக்கு. மெல்லிய பிளேடு மேலும் கீழும் ஓடும். பலகையைக் கையால் திருப்பித் திருப்பி வெட்ட வேண்டும். நடுவில் வெட்ட, டிரில்லில் துளை போட்டு அதற்குள் பிளேடை நுழைத்து மாட்டுவார்கள். எந்தக் கோட்டில் வெட்டுவது என்று காட்டுவது பலகைமேல் ஒட்டிய காகித வரைபடம். இதுதான் 'பேட்டர்ன்'.

இது சும்மா படம் இல்லை. ஒரு முகத்தை வெட்டும்போது கருவிழி தனியாக நின்றால் கீழே விழுந்துவிடும். ஆகவே ஒவ்வொரு துண்டும் எங்காவது ஒட்டிக்கொண்டிருக்கும்படி வரைய வேண்டும். அந்த இணைப்பு மெல்லிசா போனா ஒடியும். தடிச்சா முகமே மாறிடும்.

இங்கிலாந்தில் 1895-ல் தொடங்கிய 'ஹாபீஸ்' வார இதழ் இத்தகைய வரைபடங்களை வெளியிட்டது. இன்று பலர் தனியாளாக வரைந்து, கம்ப்யூட்டர் ஃபைலாக விற்கிறார்கள். விலை சில டாலர்தான். ஆனால் ஒருவர் வாங்கிப் பத்துப் பேருக்கு அனுப்பினால், வரைந்தவருக்குக் கிடைப்பது ஒரே ஒரு விலை! பலகைக்குக் காசு தர்றோம், பிளேடுக்குத் தர்றோம். கோடு மட்டும் இலவசமா? கட்டுப்படியாகாவிட்டால் அவர் வேறு வேலைக்குப் போய்விடுவார். புதுப் படமும் வராது.

சட்டமும் அவர் பக்கம்தான். சொந்தமாக வரைந்த படத்துக்கு அமெரிக்காவில் வரைந்தவரின் ஆயுளும் அதன்பின் 70 ஆண்டும் உரிமை உண்டு. நம் நாட்டில் 1957-ம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டப்படி ஆயுளும் 60 ஆண்டும்.

சரி, ஆதரிப்பது எப்படி? வரைந்தவரிடமே வாங்கலாம். நண்பன் கேட்டால் ஃபைலைத் தராமல், கிடைக்கும் இடத்தைச் சொல்லலாம். வெட்டிய பொருளை விற்பதாக இருந்தால் முன்கூட்டியே அனுமதி கேட்கலாம். கண்காட்சியில் வைத்தால் வரைந்தவர் பெயரையும் எழுதி வைக்கலாம். கோட்டில் பிழை இருந்தால் அவருக்கே எழுதிச் சொல்லலாம், அடுத்தவருக்கு உதவும்.

காசு இல்லாதவன் என்ன செய்வான்? சிலர் தாங்களாகவே இலவசமாகத் தரும் பேட்டர்ன்கள் நிறைய உண்டு. அவற்றில் பழகலாம். தானாகத் தருவது வேறு, கேளாமல் எடுப்பது வேறு.

நாளைக்கு நாமும் டிராயிங் போர்டு முன்னால் உட்காரப் போறவங்கதான். அடுத்தவன் கோட்டை மதிச்சாத்தான் நம்ம கோட்டுக்கும் மதிப்பு!