ஒளியைத் திருப்பித் தரும் பலகை

திருப்பாதிரிப்புலியூரிலிருந்து இரவில் சிதம்பரம் செல்லும் பேருந்தில் ஓட்டுநருக்குப் பின் இருக்கை கிடைத்தால், முன்னால் உள்ள சாலையைக் கவனித்துப் பாருங்கள். ஆலப்பாக்கம், புதுச்சத்திரம் பகுதிகளில் இருபுறமும் வயல்கள் இருண்டு கிடக்கும். வளைவை அறிவிக்கும் பலகை மட்டும் உள்ளே விளக்கு வைத்தாற்போல் பளிச்சென்று தெரியும். அதே நேரத்தில் அருகே தேநீர்க் கடையில் நிற்பவருக்கு அது மங்கலாகவே தெரியும். ஒரே பலகை, ஒரே விளக்கின் ஒளி. பின் ஏன் இந்த வேறுபாடு?

சுண்ணாம்பு அடித்த சுவரில் ஒளி பட்டால் எல்லாத் திசைகளிலும் சிதறுகிறது. ஓட்டுநரின் கண்ணுக்கு வருவது மிகச் சிறு பங்கே. சமதள ஆடியோ, படுகோணமும் எதிரொளிப்புக் கோணமும் சமம் என்ற விதிப்படி ஒளியை மறுபக்கம் அனுப்பிவிடுகிறது. மூன்றாவது வகை ஒன்று உண்டு. ஒளி எத்திசையிலிருந்து வந்ததோ அத்திசைக்கே திருப்பி அனுப்புவது. இதனை 'மீள் எதிரொளிப்பு' என்பர். சாலைப் பலகைகளுக்கான இந்தியச் சாலைக் காங்கிரசின் ஐ.ஆர்.சி. 67 நெறிமுறை (2012 பதிப்பு) கூறும் தாள் இவ்வகையைச் சேர்ந்ததே.

இது எவ்வாறு நிகழ்கிறது? கேரம் பலகையில் ஓர் ஓரத்தில் பட்டு, உடனே அடுத்த ஓரத்திலும் படும் காய், வந்த வழிக்கு இணையாகத் திரும்புவதைப் பார்த்திருப்பீர்கள். ஒன்றுக்கொன்று செங்குத்தான மூன்று ஆடிகளை அறையின் மூலைபோல் பொருத்தினால், ஒளியும் அவ்வாறே வந்த திசைக்குத் திரும்பும். மிதிவண்டியின் பின்னாலுள்ள சிவப்பு எதிரொளிப்பானை உற்றுப் பாருங்கள். அதில் இத்தகைய சிறு மூலைகள் நூற்றுக்கணக்கில் இருக்கும்.

அங்கே பாதரசப் பூச்சு எதுவும் இல்லை. வேலையைச் செய்வது நீங்கள் பாடத்தில் படிக்கும் முழு அக எதிரொளிப்புதான். அந்தப் பிளாஸ்டிக்கின் ஒளிவிலகல் எண் சுமார் 1.49, பின்னால் காற்று இருக்கும்போது மாறுநிலைக் கோணம் சுமார் 42°. நேராக நுழையும் ஒளி ஒவ்வொரு முகத்திலும் சுமார் 55° கோணத்தில் விழுகிறது. ஆகவே முழுவதும் திரும்புகிறது. விரிசல் வழியே மழைநீர் பின்புறம் புகுந்துவிட்டால் என்ன ஆகும்? மாறுநிலைக் கோணம் சுமார் 63° ஆகிவிடும். 55° அதற்குக் குறைவு. ஒளியின் பெரும்பகுதி நீருக்குள் சென்றுவிடும். பார்வைக்குச் சிவப்பாகவே இருக்கும் எதிரொளிப்பான் இரவில் பயன்படாமல் போவது இப்படித்தான்.

சாலையின் வெள்ளைக் கோடுகளில் மூலைகளுக்குப் பதிலாக நுண்ணிய கண்ணாடி மணிகள் பதிக்கப்பட்டுள்ளன. மணிக்குள் நுழையும் ஒளி விலகிக் குவிந்து, பின்னாலுள்ள வெள்ளைப் பூச்சில் பட்டு, வந்த வழியே திரும்புகிறது. மழையில் நீர்ப்படலம் மணிகளை மூடுவதால், கோடு மிகவும் தேவைப்படும் நேரத்தில்தான் மறைந்துபோகிறது.

இங்கே ஓர் ஐயம் எழலாம். ஒளி அப்படியே விளக்குக்குத் திரும்பினால் ஓட்டுநர் எப்படிப் பார்க்கிறார்? திரும்பும் ஒளி சிறிதளவு விரியுமாறு தாளைச் செய்கிறார்கள். கண் விளக்குக்கு 1 மீட்டர் மேலே இருந்தால், 100 மீட்டர் தொலைவில் கோண வேறுபாடு 0.6° மட்டுமே. தேநீர்க் கடைக்காரர் அந்தக் குறுகிய கூம்புக்கு வெளியே நிற்கிறார். உயரத்தில் அமரும் லாரி ஓட்டுநருக்கும் பலகை காரோட்டியைவிடச் சற்று மங்கலாகவே தெரியும்.

இதே தத்துவம் நிலவிலும் பயன்படுகிறது. 1969இல் அப்போலோ 11 வீரர்கள் அங்கே 100 மூலைக் கண்ணாடிகள் கொண்ட தட்டை வைத்தனர். விழுப்புரத்தைச் சேர்ந்த ப. வீரமுத்துவேல் திட்ட இயக்குநராக இருந்த சந்திரயான்-3இன் விக்ரம் கலத்திலும் ஒரு சிறு எதிரொளிப்பான் உண்டு. 2023 டிசம்பர் 12 அன்று நிலவைச் சுற்றும் நாசா கலம் ஒன்று அனுப்பிய லேசர் ஒளியை அது திருப்பி அனுப்பியது.

இனி நம் சாலைக்கு வருவோம். மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் வரும் வாகனம் ஒரு வினாடியில் ஏறத்தாழ 17 மீட்டர் கடக்கிறது. ஓட்டுநர் பார்த்து, முடிவெடுத்து, காலை அழுத்த 2.5 வினாடி என்று கொண்டால் 42 மீட்டர். பின்னர் பிரேக் பிடித்து நிற்க 38 மீட்டர். மொத்தம் 80 மீட்டர். தாழ்த்திய முகப்பு விளக்கில் கறுப்புச் சட்டை அணிந்தவர் அவ்வளவு தொலைவில் தெரியமாட்டார். நல்ல எதிரொளிப்பான் தெரியும். கரும்புப் பருவத்தில் நெல்லிக்குப்பம் ஆலைக்குச் செல்லும் டிராக்டரில் தோகை தொங்கி அதை மறைத்தாலும், பலகைமேல் சுவரொட்டி ஒட்டினாலும், இந்த 80 மீட்டர் பறிபோகிறது.

எதிரொளிப்பானுக்குச் சொந்த ஒளி கிடையாது என்பதையும் மறவாதீர்கள். பக்கச் சாலையிலிருந்து திரும்பும் வாகனத்தின் விளக்கு உங்கள் மீது படாதவரை அதனால் பயனில்லை. எனவே மிதிவண்டிக்கு விளக்கும் வேண்டும்.

இன்றிரவு ஒரு சோதனை செய்யுங்கள். மிதிவண்டியை இருட்டில் நிறுத்தி, 50 அடி தள்ளி நின்று, டார்ச் விளக்கைக் கண்ணருகே பிடித்து அதன் பின்புறம் அடியுங்கள். பிறகு டார்ச்சைக் கையை நீட்டிப் பக்கவாட்டில் பிடித்து அடியுங்கள். முதல் முறையிலேயே மங்கலாகத் தெரிந்தால் ஈரத்துணியால் துடைத்துப் பாருங்கள். அப்போதும் ஒளிராவிட்டால் உள்ளே நீர் புகுந்திருக்கலாம், மாற்றிவிடுங்கள்.