மன்னார் மணலும் மோட்டார்ச் சில்லும்

மன்னார்த் தீவு வடமேற்கிலிருந்து தென்கிழக்காக ஏறத்தாழ 26 கிலோமீற்றர் நீண்டு கிடக்கும் ஒரு மணற்றீவு. சுண்ணாம்புப் பாறையின் மீது காற்றும் கடலும் காலந்தோறும் கொணர்ந்து சொரிந்த மணலே அதன் மேனி. மதவாச்சியிலிருந்து வரும் ஏ 14 நெடுஞ்சாலை தாம்போதியையும் 2010ஆம் ஆண்டில் திறக்கப்பெற்ற புதிய பாலத்தையும் கடந்து தீவினுட் புகுந்து, பேசாலையைத் தாண்டித் தலைமன்னார் வரை செல்கின்றது. அச்சாலை மோட்டார் வண்டிக்கு யாதொரு துன்பமும் தருவதன்று. துன்பம் தொடங்குவது சாலையை விட்டு இறங்கும் இடத்திலேதான். மீன் இறங்குவது சாலையோரத்திலன்று, கடலோரத்தில். சாலைக்கும் மீன்வாடிக்கும் இடைப்பட்ட சில நூறு யார் தூரம் காய்ந்த மணல். தாழ்வுபாட்டிலும் பேசாலையிலும், பெருநிலத்துக் கரையில் வங்காலையிலும் அரிப்பிலும் சிலாவத்துறையிலும் நிலைமை பெரிதும் இதுவே.

இந்த மணலைக் கடப்பதற்கு, பனிக்கட்டியும் மீன்பெட்டியும் ஏற்றும் பிக்கப் வண்டிகளின் சொந்தக்காரர் பலர் கைக்கொள்ளும் உபாயம் ஒன்றுண்டு. வண்டியுடன் வந்த சில்லுகளை மாற்றாது, அவற்றின் மீதே முன்னிருந்ததிலும் பெரிய ரயரைப் பூட்டிவிடுதல். இலங்கையில் 2020ஆம் ஆண்டில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு 2025ஆம் ஆண்டின் தொடக்கத்திலேயே பெருமளவிற்கு மீண்டும் அனுமதிக்கப்பட்டது. இடைப்பட்ட காலத்திற் கையிலுள்ள பழைய வண்டியையே திருத்தியும் மாற்றியும் ஓட்டவேண்டிய கட்டாயம் ஏற்பட்டமையும் இவ்வழக்கம் பரவுதற்கு இடந்தந்திருக்கலாம். இவ்வுபாயம் எவ்வளவிற்குப் பயன் தரும், எங்கே கேடு விளைக்கும் என்பதை ஈண்டுச் சிறிது ஆராய்வாம்.

முதற்கண் வண்டி மணலிற் புதைவது ஏன் எனக் காண்போம். காய்ந்த மணலின் பரல்கள் ஒன்றோடொன்று ஒட்டுவதில்லை. பரலுக்கும் பரலுக்கும் இடையேயுள்ள உராய்வே அதன் வலிமை முழுவதும். ஓரளவு அமுக்கம் வரை அது தாங்கும். அவ்வளவைக் கடந்தால் பரல்கள் பக்கங்களுக்கு ஒதுங்கச் சில்லுக் கீழே இறங்கும். இறங்கிய சில்லு தன் முன்னே ஒரு மணல் வரம்பை எழுப்பிக்கொள்ளும். சாரதி அவ்வரம்பை ஏற எண்ணி எஞ்சினை முடுக்குவான். முடுக்கிய சில்லு முன்னேறாது மணலைப் பின்னே வாரி எறிந்து தனக்குத் தானே குழி தோண்டிக்கொள்ளும். அச்சு மணலிற் படிந்தபின் மண்வெட்டியும் பனை மட்டையும் பத்துப் பேரின் தோளுமன்றி வேறு கதியில்லை.

ஆகலின், நிலத்தின்மீது சில்லுத் தரும் அமுக்கமே இங்குத் தலையாய பொருள். அவ்வமுக்கம் யாது? ரயரின் சுவர் விறைப்பைக் கணக்கில் எடாது விடின், ரயருள் அடைத்த காற்றின் அமுக்கமே ஏறத்தாழ நிலத்தின்மீதும் படுகின்றது. ஒரு சில்லின்மேல் 1100 இறாத்தற் சுமை இருப்பதாகவும், காற்று சதுர அங்குலத்துக்கு 35 இறாத்தல் அமுக்கத்தில் அடைக்கப்பட்டதாகவும் கொள்வோம். 1100ஐ 35ஆல் வகுக்க, ரயர் நிலத்தைத் தொடும் பரப்பு ஏறத்தாழ 31 சதுர அங்குலம் என்றாகும். காற்றை 18 இறாத்தலுக்குக் குறைத்தால் அப்பரப்பு 61 சதுர அங்குலமாக விரியும். சுமை அதுவே, வண்டி அதுவே, ரயரும் அதுவே. ஆயினும் நிலத்தின்மீதுள்ள அமுக்கம் செம்பாதியாகக் குறைந்துவிடுகின்றது. பரப்பு அகலவாட்டில் விரிவது சிறிதே. நீளவாட்டில் விரிவதே பெரிது. அதனாற் சில்லுத் தன் முன்னே எழுப்பும் மணல் வரம்பும் அவ்வளவு உயர்வதில்லை. பாலைநிலத்து ஒட்டகத்தின் பாதம் மெத்தென விரிந்து மணலை மிதிப்பதும் இதே நியதிபற்றியதாகும்.

இவ்வுண்மையைப் பாலைநிலத்திற் பயின்று கண்டவர்களுள் முதன்மையானவர் றால்வ் பாக்னோல்ட் என்னும் ஆங்கிலப் படை அதிகாரி. அவர் சென்ற நூற்றாண்டின் இருபதுகளிலும் முப்பதுகளிலும் எகிப்து, லிபியா நாடுகளின் மணற்கடலுள் மோட்டார் வண்டிகளிற் பன்முறை பயணஞ் செய்தார். ரயர்க் காற்றைக் குறைத்து ஓட்டும் முறையை அங்கே வழக்கப்படுத்திய அவர், காற்றினால் மணல் அடிக்கப்படும் இயல்பைக் குறித்து 1941இல் வெளியிட்ட நூல் இன்றும் அத்துறையினர் எடுத்தாளுவது. இரண்டாம் உலகப்போரிற் கடலிலும் தரையிலும் செல்லவல்ல அமெரிக்க ஊர்திகளில், ஓடும்போதே இருக்கையிலிருந்தவாறு ரயர்க் காற்றைக் கூட்டவும் குறைக்கவும் வல்ல பொறியொன்று அமைக்கப்பெற்றது. கடற்கரை மணலில் இறங்கவேண்டிய படைக்கு அத்துணை இன்றியமையாத பொருளாகக் காற்றமுக்கம் கருதப்பட்டது!

இனிப் பெரிய ரயரின் பக்கம் திரும்புவோம். ரயரின் பக்கச் சுவரிற் பொறித்த எண்களை நாம் அன்றாடம் கண்டும் பொருள் வினவுவதில்லை. 225/75 ஆர் 15 என ஒரு ரயரிற் பொறித்திருப்பின், 225 என்பது மில்லிமீற்றரில் அதன் அகலம். 75 என்பது பக்கச் சுவரின் உயரம் அவ்வகலத்தில் நூற்றுக்கு 75 பங்கு என்பதாம். ஆர் என்பது உள்ளிழைகள் ஆரை வழியாக அமைந்தமையைக் குறிக்கும். 15 என்பது சில்லின் விட்டம். இது மட்டும் அங்குலத்தில் உள்ளது. ஒரே வரியில் இரு நாட்டு அளவைகளைக் கலந்துவைத்தவர் யாரோ, அவர் பாடசாலைப் பிள்ளைகளுக்கு நல்ல கணக்கொன்றைத் தந்துபோனார். அக்கணக்கைச் செய்யின், சுவர் 168.75 மில்லிமீற்றர், இரு சுவர் 337.5, சில்லு 381, ஆக முழு விட்டம் 718.5 மில்லிமீற்றர். அதே சில்லில் 235/75 ஆர் 15 பூட்டின் விட்டம் 733.5. வேறுபாடு 15 மில்லிமீற்றர். அச்சு உயர்வது அதிற் பாதியே, அதாவது 7.5 மில்லிமீற்றர். இது ஒருவர் சுண்டுவிரலின் அகலத்துக்கும் குறைவு.

இவ்வளவு சிறிய பேறு போதாதென்று எண்ணுவோர் 31 அங்குல விட்டமும் 10.5 அங்குல அகலமும் உடைய ரயரை நாடுவர். அதன் விட்டம் 787 மில்லிமீற்றர்; அச்சு 34 மில்லிமீற்றர் உயரும். கண்ணுக்கும் வண்டி கம்பீரமாகத் தோன்றும். ஆயின் இங்கேதான் சில்லு குறுக்கிடுகின்றது. ஒவ்வொரு ரயரும் இத்தனை அங்குலம் முதல் இத்தனை அங்குலம் வரை அகலமுள்ள சில்லிலேயே பூட்டத்தக்கது என ஆக்கியோர் வரையறுத்துள்ளனர். 225/75க்கு 6 முதல் 7 அங்குலம். 235/75க்கு 6 முதல் 8. மேற்கூறிய 31 அங்குல ரயருக்கோ 7 முதல் 9. வண்டியுடன் வந்த சில்லு 6 அங்குல அகலமுடையதாயின், 235/75 எல்லைக்குள் அடங்கும். 31 அங்குல ரயர் எல்லைக்குப் புறம்பானது. பூட்டவே முடியாதோ எனின், முடியும். கடைக்காரர் பூட்டியும் கொடுப்பார். ஆயின் ஒடுங்கிய சில்லில் இருத்திய அகன்ற ரயரின் அடி உட்குவிந்து வயிறு புடைக்கும். நடுப்பாகமே நிலத்தைத் தேய்த்து விரைவிலே அழியும். திருப்பங்களில் வண்டி இருபாலும் தளம்பும். எல்லாவற்றினும் கொடியது யாதெனின், மணலுக்காகக் காற்றைக் குறைத்து, அந்நிலையில் வண்டியைச் சடுதியாகத் திருப்பும்போது ரயரின் விளிம்பு சில்லைவிட்டு நழுவுதற்கு ஏது அதிகமாதல். ஆகவே எந்த மணலை வெல்லுதற்கு அந்த ரயர் பூட்டப்பட்டதோ, அந்த மணலிலேயே அது காலை வாரிவிடுகின்றது.

பெரிய ரயர் பெரிய சுமை தாங்கும் என்பது மற்றொரு மயக்கம். மீன் ஏற்றுவோர் இதனை ஊன்றி நோக்குதல் வேண்டும். பார வண்டிகளுக்கென ஆக்கப்படும் 195 ஆர் 15 சி என்னும் ரயரிற் பொதுவாகக் காணப்படும் சுமைக் குறியெண் 106. அதன் பொருள் ஒரு ரயர் 950 கிலோகிராம் தாங்கும் என்பது. பார்வைக்கு அதனினும் பருத்த 235/75 ஆர் 15 ரயர், பயணிகள் வண்டிக்குரிய சாதாரண வகையாயின், பெரும்பாலும் 105 என்னும் குறியெண்ணையே உடையது. அது 925 கிலோகிராம். அகலத்தில் 40 மில்லிமீற்றர் கூடியது, வலிமையிற் குறைந்து நிற்கின்றது! காரணம் உள்ளே இருக்கின்றது. சி என்னும் எழுத்துத் தாங்கிய ரயர், தடித்த உடலுடன் சதுர அங்குலத்துக்கு 65 இறாத்தல் வரை காற்றை ஏற்று அச்சுமையைத் தாங்குகின்றது; மற்றையது 36 இறாத்தலளவில் நின்றுவிடுவது. பின்புறத் தட்டில் மீனும் பனிக்கட்டியும், அவற்றின்மேற் கூலியாட்கள் நால்வர் ஐவரும் ஏறிவரும் வண்டிக்கு இக்குறியெண் வெறும் எண்ணன்று. ரயர் வாங்குவோர் அதன் பருமனைப் பார்ப்பதற்கு முன் இவ்வெண்ணைப் பார்ப்பாராக.

பிற விளைவுகளுமுண்டு. விட்டம் 718.5இலிருந்து 787ஆகப் பெருகின், ஒரு சுற்றில் வண்டி முன்னிலும் ஏறத்தாழ 9.5 வீதம் கூடுதலாக ஓடும். வேகமானி 60 கிலோமீற்றர் காட்டும்போது மெய்யான கதி 65க்கு மேல். எஞ்சின் தரும் அதே முறுக்கம் நீண்ட ஆரையின் நுனியில் வேலைசெய்யவேண்டி வருதலால், நிலத்தைத் தள்ளும் விசை 9 வீதமளவிற் குன்றும். மணலில் வேண்டுவதோ அவ்விசையே. அவ்வாறே பிறேக்கின் பற்றும் குன்றும். ஸ்ரியறிங்கை முழுதும் திருப்பிய நிலையிற் சுமையால் வில்லுத் தாழும்போது ரயர் மட்காட்டில் உரைசும். வெறும் வண்டியை முற்றத்தில் நிறுத்திப் பார்த்து உரைசவில்லை எனத் திருப்தியடைதல் போதாது. சுமையேற்றிப் பள்ளத்தில் இறக்கியே பார்த்தல் வேண்டும். நாற்சில்லுக்கும் விசை செல்லும் வண்டியாயின், முன்னும் பின்னும் விட்டம் ஒத்திருத்தல் கட்டாயம். ஒவ்வாத சில்லுகள் தார்ச் சாலையில் ஒன்றையொன்று இழுத்துப் பற்சில்லுகளை முறுக்கிக் கெடுக்கும். மேலதிகச் சில்லும் அதே அளவினதாதல் வேண்டும் என்பதைப் பலர் மறந்துவிடுகின்றனர். பெரிய ரயர் தட்டின்கீழுள்ள பழைய இடத்துள் அடங்காமையே பெரும்பாலும் அம்மறதிக்குக் காரணம்.

ஆயிற் பெரிய ரயராற் பயனே இல்லையோ எனின், அங்ஙனம் கூறுதல் நேர்மையாகாது. அதே சுமையைக் குறைந்த காற்றுடன் தாங்கும் ஆற்றல் அதற்குண்டு. அச்சின் கீழுள்ள இடைவெளி கூடும். பெருஞ்சில்லு சிறு பள்ளத்தையும் வரம்பையும் எளிதிற் கடக்கும். ஆனால் இப்பயன்கள் எல்லாம், காற்றைக் குறைத்தல் என்னும் செலவில்லாத செயலுக்குப் பின்னரே எண்ணத்தக்கவை. பழைய ரயரில் 35 இறாத்தலை 18 ஆக்குவது, 35 இறாத்தலுடனேயே பெரிய ரயரைப் பூட்டுவதிலும் பன்மடங்கு பயனுடையது. சில்லின் எல்லைக்குள் அடங்கும் ஒரு படி பெரிய ரயரை, சுமைக் குறியெண் குறையாது தெரிந்து பூட்டுதல் தகும். அதற்குமேல் விரும்புவோர் தக்க அகலமுள்ள சில்லையும் உடன் வாங்குவதே முறை.

காற்றைக் குறைத்தவன் அதனைத் திரும்ப அடைக்கவும் கடமைப்பட்டவன். இதிற் செய்யும் சோம்பலே உயிராபத்தாகின்றது. 718.5 மில்லிமீற்றர் விட்டமுள்ள சில்லு ஒரு கிலோமீற்றரில் ஏறத்தாழ 443 முறை சுழலும். தலைமன்னாரிலிருந்து மன்னார் நகருக்குள்ள ஏறத்தாழ 30 கிலோமீற்றரில் அது 13,000 முறைக்கு மேற் சுழல்கின்றது. சுழலுந்தோறும் ரயரின் சுவர் ஒருமுறை மடிந்து நிமிர்கின்றது. காற்றுக் குறைந்த ரயர் ஆழமாக மடியும். மடிப்பினால் வெப்பம் பிறக்கும். வெப்பத்தால் உள்ளிழையும் றப்பரும் ஒன்றைவிட்டொன்று பிரியும். சுமையேறிய வண்டி தாம்போதியின் மேல் விரைந்து செல்கையில் ரயர் வெடிப்பின் இருபுறமும் நீர். மணலிற் குறைத்த காற்றுடன் ஓட்டுவது மெதுவாக, சிறிது தூரத்துக்கே. சுமை நிறைந்திருப்பின் 18 இறாத்தல் வரை இறக்குவதும் தகாது. தார்ச் சாலையில் ஏறுமுன் முழு அமுக்கத்துக்கு அடைத்தல் வேண்டும். வண்டியின் பற்றரியில் இயங்கும் சிறு காற்றுப்பம்பியும் அமுக்கமானியும் இக்கரையில் ஆடம்பரப் பொருள்கள் அல்ல.

நிலமறிந்து ஓட்டுதலும் வேண்டும். அலை நனைத்துச் சென்ற ஈரமணல் காய்ந்த மணலிலும் உறுதியானது. பரல்களிடையே நிற்கும் நீர் அவற்றை ஈர்த்துப் பிணிக்கின்றமையே காரணம். களப்போரத்து உப்புத்தரையோ மேலே காய்ந்த தோலும் கீழே சேறுமாக இருப்பது. அங்கே காற்றைக் குறைத்தலால் வரும் பயன் சிறிது. சுற்றிச் செல்வதே அறிவுடைமை.

இறுதியாக, உப்பு. மீன் தண்ணீரும் கடற்காற்றும் இரும்புச் சில்லின் விளிம்பை அரித்துப் பொருக்குப் படிய வைக்கின்றன. ரியூப் இல்லாத ரயரில் அப்பொருக்கின் வழியே காற்றுக் கசியும். ரயர் மாற்றும்போது அவ்விளிம்பைச் சுரண்டித் துப்புரவாக்குமாறு கேட்டல் நன்று. ரயரின் வயதையும் அப்போதே பார்த்துக்கொள்ளலாம். பக்கச் சுவரில் நான்கு இலக்கங்கள் தனியே பொறித்திருக்கும். 3219 எனில், 2019ஆம் ஆண்டின் 32ஆம் வாரத்தில் ஆக்கப்பட்டது என்பது பொருள். பூவழியாத பழைய ரயரும் வெயிலிற் கிடந்து இறுகி நுண்வெடிப்புக் கண்டிருக்கலாம். மலிவாகக் கிடைக்கும் பழைய ரயரைக் கடையில் வைத்தே சுவரைச் சிறிது வளைத்துப் பார்த்தால் அவ்வெடிப்புக்கள் வாய்திறந்து தெரியும்.