தண்ணீர் எங்கே போகும்? திருவனந்தபுரத்தில் வீடு கட்டுகிறவருக்கு ஒரு விளக்கம்

திருவனந்தபுரத்தில் ஐந்து சென்ட் மனை வாங்குகிறவர் முதலில் வாஸ்து பார்க்கிறார். பிறகு வரைபடம், வங்கிக் கடன், அஸ்திவாரம். கழிவுநீரைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் கான்கிரீட் முடிந்த பிறகுதான் வருகிறது. "சார், டேங்க் எங்கே போடறது?" என்று பிளம்பர் கேட்கும்போது ஒரு பக்கம் கிணறு, ஒரு பக்கம் கார் நிறுத்துமிடம், மூன்றாவது பக்கம் பக்கத்து வீட்டு மதில். கிடைத்த மூலையில் ஒரு குழி வெட்டி, நாலு சிமென்ட் உறை இறக்கி மூடிவிடுகிறார்கள். விதிமீறல் பெரும்பாலும் இப்படித்தான் பிறக்கிறது. யாரும் திட்டம் போட்டு மீறுவதில்லை. இடம் போதாமல் மீறுகிறார்கள்.

நகரத்துக்குப் பொருந்துவது 2019-ம் ஆண்டின் கேரள முனிசிபாலிட்டி கட்டட விதிகள். 1999-ம் ஆண்டு விதிகளுக்குப் பதிலாக அந்த ஆண்டு நவம்பரில் இவை நடைமுறைக்கு வந்தன. விண்ணப்பங்கள் 2024 ஜனவரி முதல் கே-ஸ்மார்ட் என்ற இணையத் தளம் வழியாகப் போகின்றன. சிறிய வீடுகளுக்கு, உரிமம் பெற்ற வடிவமைப்பாளரும் உரிமையாளரும் சேர்ந்து தாங்களே உறுதிமொழி கொடுத்தால் உடனடியாக அனுமதி கிடைத்துவிடுகிறது. வேலை சுலபமானது நல்லதுதான். ஆனால் அதில் ஒரு சிக்கலும் இருக்கிறது. முன்பு அதிகாரி வரைபடத்தைப் பார்த்து "கிணறு எங்கே?" என்று கேட்டிருப்பார். இப்போது அந்தக் கேள்வியை நீங்களே உங்களிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். தப்பாகப் போனால் பதில் சொல்ல வேண்டியவரும் நீங்களே.

முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, உங்கள் தெருவில் பாதாளச் சாக்கடை இருக்கிறதா என்பது. மன்னராட்சிக் காலத்திலேயே பாதாளச் சாக்கடைக்கு அடித்தளம் போட்ட ஊர் இது. கோட்டை, சாலைக் கடைத்தெரு, தம்பானூர், பாளையம் போன்ற பழைய பகுதிகளில் அது உண்டு. அந்தக் கழிவுநீர் இப்போது முட்டத்தறையில் உள்ள சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போகிறது. 2013-ல் திறந்த அந்த நிலையம் நாளொன்றுக்கு 10.7 கோடி லிட்டரைச் சுத்திகரிக்கும் திறன் கொண்டது. ஆனால் நகரத்தின் பெரும்பகுதிக்கு இன்னும் குழாய் போகவில்லை. 2010-ல் மாநகராட்சியோடு சேர்ந்த கழக்கூட்டம், ஸ்ரீகாரியம், வட்டியூர்க்காவு, குடப்பனக்குன்னு, விழிஞ்ஞம் பகுதிகளில் வீடு கட்டுகிறவர் அநேகமாக செப்டிக் டேங்கைத்தான் நம்ப வேண்டும்.

சாக்கடை இருக்கும் தெரு என்றால் இணைப்பு கொடுப்பது கேரள வாட்டர் அத்தாரிட்டி. விண்ணப்பம் அங்கே. சாலையை வெட்டும் அனுமதி சாலை யாருடையதோ அவர்களிடம், அதாவது மாநகராட்சியிடமோ பொதுப்பணித் துறையிடமோ. வேலை செய்பவர் வாட்டர் அத்தாரிட்டி உரிமம் உள்ள பிளம்பராக இருக்க வேண்டும். ராத்திரியோடு ராத்திரியாக மேன்ஹோலில் ஓட்டை போட்டுக் குழாயைச் செருகித் தருகிறேன் என்று வருகிறவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

சாக்கடை இல்லாத இடத்தில் கணக்குத்தான் எல்லாம். குடிநீருக்குப் பயன்படும் கிணற்றிலிருந்து 7.5 மீட்டர் தூரத்துக்குள் செப்டிக் டேங்கோ உறிஞ்சு குழியோ இருக்கக் கூடாது என்பது விதி. மனையின் எல்லையிலிருந்து 1.2 மீட்டர் தள்ளியும் இருக்க வேண்டும். மிகச் சிறிய மனைகளுக்கு என்ன சலுகை என்பதை வடிவமைப்பாளரிடம் கேளுங்கள். ஏழரை மீட்டர் காதில் விழும்போது சின்ன தூரமாகத் தோன்றும். கிணற்றை நடுவில் வைத்து அந்த வட்டத்தைப் போட்டுப் பாருங்கள்: பரப்பு ஏறக்குறைய 177 சதுர மீட்டர். ஐந்து சென்ட் என்பதே 202 சதுர மீட்டர்தான். கிணறு மனையின் நடுவில் இருந்தால் மனையின் பெரும்பகுதி அந்த வட்டத்துக்குள் போய்விடும். கிணறு ஒரு மூலையிலும் டேங்க் எதிர் மூலையிலும் இருந்தால்தான் தப்பிக்க முடியும்.

உங்கள் கிணற்றை மட்டும் அளந்தால் போதாது. பக்கத்து வீட்டுக் கிணறும் கிணறுதான். மதிலுக்கு அந்தப் பக்கம் இரண்டு மீட்டரில் அவர்கள் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தால், மதிலுக்கு இந்தப் பக்கம் ஐந்தரை மீட்டருக்கு உங்களால் குழி தோண்ட முடியாது. மனை வாங்கும்போது மதிலுக்கு மேலே எட்டிப் பார்க்கிறவர்கள் குறைவு. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி கேரளத்தில் சுமார் 62 விழுக்காடு வீடுகளுக்குக் கிணறுதான் முக்கியக் குடிநீர் ஆதாரம். இங்கே உங்கள் உறிஞ்சு குழி என்பது வேறொருவர் குடிநீரோடு சம்பந்தப்பட்ட சங்கதி.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். செப்டிக் டேங்குக்கான இந்தியத் தர நிர்ணயம், ஐ.எஸ். 2470, உறிஞ்சு குழியைக் குடிநீர் ஆதாரத்திலிருந்து 18 மீட்டர் தள்ளி வைக்கச் சொல்கிறது. 18 மீட்டர் வட்டம் என்றால் 25 சென்ட் நிலம். நெருக்கமாக வீடுகள் இருக்கும் கேரளத்தில் அதைக் கட்டாயமாக்கினால் பாதி ஊர் வீடு கட்ட முடியாது. ஆகவே 7.5 மீட்டரைச் சட்டம் ஒப்புக்கொள்கிற குறைந்தபட்ச அளவு என்று எடுத்துக்கொள்ளுங்கள். கடற்கரை மணலில் கழிவுநீர் வேகமாக இறங்கும். நிலத்தடி நீர் மேலேயே நிற்கும் தாழ்ந்த இடத்தில் இறங்கவே இறங்காது. இடம் இருந்தால் கூடுதலாகத் தள்ளி வையுங்கள்.

டேங்க் என்று சொல்லி உறை இறக்கிய வெறும் குழியைக் கட்டித் தருவதும் நடக்கிறது. அடியும் பக்கமும் கசியாமல் பூசிய தொட்டிதான் செப்டிக் டேங்க். ஐ.எஸ். 2470 சொல்லும் குறைந்த அளவு: அகலம் 75 செ.மீ., தண்ணீர் நிற்கும் ஆழம் 1 மீட்டர், கொள்ளளவு 1,000 லிட்டர். நீளம் அகலத்தைப்போல் இரண்டு முதல் நான்கு மடங்கு. அதிலிருந்து வெளியேறும் நீர் உறிஞ்சு குழிக்குத்தான் போக வேண்டும், தெரு ஓடைக்குப் போகக் கூடாது. காற்றுக் குழாய்க்குக் கொசுவலை வேண்டும்.

குழாயின் சரிவையும் முன்கூட்டியே கணக்கிடுங்கள். 100 மி.மீ. குழாய்க்கு 57-க்கு 1, 150 மி.மீ. குழாய்க்கு 100-க்கு 1 என்பது வழக்கமான அளவு. கழிப்பறையிலிருந்து டேங்க் 10 மீட்டர் தூரம் என்றால் 100 மி.மீ. குழாய் பதினேழரை செ.மீ. இறங்கியிருக்க வேண்டும். தளமட்டத்தை முடிவு செய்யும் நாளிலேயே இதைப் பார்க்காவிட்டால் பிறகு தரையை உடைக்க வேண்டிவரும்.

மழைநீர் விஷயத்தில்தான் நல்லவர்களும் தவறு செய்கிறார்கள். மாடித் தண்ணீர் சுத்தமானதுதானே, பாதாளச் சாக்கடையில் விட்டால் என்ன என்று நினைக்கிறார்கள். கணக்குப் போடுவோம். 100 சதுர மீட்டர் மாடியில் 5 செ.மீ. மழை பெய்தால் 5,000 லிட்டர். ஐந்து பேர் உள்ள வீடு, ஆளுக்கு 135 லிட்டர் என்ற திட்ட அளவின்படி, நாளொன்றுக்கு 675 லிட்டர் பயன்படுத்தும். அதாவது ஒரு நல்ல மழையில் ஒரு வாரத்துக்கும் மேலான தண்ணீரைச் சில மணி நேரத்தில் சாக்கடைக்குள் தள்ளுகிறீர்கள். குழாய் தாங்காது. தாழ்வான தெருவில் மேன்ஹோல் பொங்கும். அங்கிருப்பவர் வீட்டுக் கழிப்பறை வழியாகவே திரும்பி வரும். தென்மேற்கு, வடகிழக்கு என இரண்டு பருவமழையும் பெய்யும் ஊரில் இது ஆண்டுக்கு இரண்டு முறை வரும் தொல்லை. மாடி நீருக்குத் தொட்டியோ கிணற்றுக்குத் திரும்பும் வழியோ வைத்துக்கொள்ளுங்கள். மழைநீர் சேகரிப்பை 2004-லிலேயே கேரளம் கட்டட விதிகளில் சேர்த்துவிட்டது.

எதிர்ப்பக்கத் தவறு, சமையலறை, குளியலறைத் தண்ணீரைத் தெரு ஓடையில் விடுவது. ஓடை மழைக்கானது. அதில் விட்டது எல்லாம் கடைசியில் நகரக் கால்வாய்களான ஆமையிழஞ்சான் தோட்டுக்கோ பார்வதி புத்தனாருக்கோ போய்ச் சேர்கிறது. தம்பானூர் வெள்ளத்தைத் தடுக்க 2015-ல் 'ஆபரேஷன் அனந்தா' என்று ஓடைகளையும் கால்வாய்களையும் தோண்டித் திறந்தார்கள். ஆனாலும் அடைப்பு தீரவில்லை: 2024 ஜூலை 13 அன்று தம்பானூர் ரயில் நிலையத்தை ஒட்டி ஆமையிழஞ்சான் தோட்டில் குப்பை அகற்ற இறங்கிய தொழிலாளி ஒருவர் அடித்துச் செல்லப்பட்டு இறந்தார்.

வேலை முடிந்ததும் குடியிருப்புச் சான்று வாங்கினால்தான் முறையான டி.சி. நம்பர் (மாநகராட்சி வீட்டு எண்) கிடைக்கும். வரைபடத்தில் டேங்க் தென்மேற்கிலும் தரையில் வடகிழக்கிலும் இருந்தால் சான்று தருவதில் இழுத்தடிப்பார்கள். பிளம்பர் மண்ணை மூடுவதற்கு முன் அளவு நாடாவை வைத்துப் படம் எடுத்து, அனுமதித் தாள்களோடு போட்டு வையுங்கள். பின்னால் பக்கத்து வீட்டார் புகார் கொடுத்தால் பேசப்போவது அந்தப் படம்தான்.

டேங்க் நிரம்பினால் மாநகராட்சியில் பதிவு செய்து லாரியை வரவழையுங்கள். மேன்ஹோல் பொங்கினால் வாட்டர் அத்தாரிட்டியின் 1916-ல் சொல்லுங்கள். மேன்ஹோலில் மனிதருக்குப் பதில் இறங்கும் பேண்டிகூட் ரோபோவை உருவாக்கிய நிறுவனம் இதே ஊரில்தான் இருக்கிறது. பாதுகாப்புக் கருவி இல்லாமல் ஓர் ஆளைச் சாக்கடையிலோ செப்டிக் டேங்கிலோ இறக்குவது 2013-ம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். முதல் முறைக்கே இரண்டு ஆண்டுச் சிறையோ 2 லட்சம் ரூபாய் அபராதமோ இரண்டுமோ வரை தண்டனை உண்டு.