அமைதி காக்கும் படையும் பெண்ணின் இசைவும்

அமைதி காக்கச் செல்லும் வீரருக்கும் அந்நிலத்துப் பெண்களுக்கும் இடையே எழும் உறவுகள் மூவகைப்படும். சில வெளிப்படையான வன்முறை. சில உணவிற்கும் பணத்திற்குமான பண்டமாற்று. சில அன்பின் பெயரால் தொடங்குபவை. பின்னைய இரண்டிற்கும் “அவள் இசைந்தாள்” என்னும் விடை போதுமா என்பதே நம் வினா.

இவ்வினா நமக்கு அயலானதன்று. 1987 ஜூலை ஒப்பந்தத்தின்படி இலங்கை சென்ற இந்திய அமைதி காக்கும் படை 1990 மார்ச்சில் திரும்பியது. 1987 அக்டோபரில் போர் மூண்டபின் யாழ்ப்பாணப் பெண்கள் அப்படையினரின் பாலியல் வன்முறைக்கு உள்ளானதை, ராஜனி திராணகமவும் பிறரும் எழுதிய ‘முறிந்த பனை’ பதிவு செய்தது. 2007இல் ஹெய்ட்டியில் ஐ.நா. பணியிலிருந்த இலங்கைப் படையினர் நூற்றுவருக்கு மேற்பட்டோர் பாலியல் சுரண்டல் குற்றச்சாட்டின்பேரில் திருப்பியனுப்பப்பட்டனர். பாதிக்கப்பட்டோரில் சிறாரும் இருந்தனர்.

பணம், உணவு, வேலை ஆகியவற்றிற்கு ஈடாகக் கொள்ளும் பாலுறவையும், பதினெட்டு வயதிற்குட்பட்டோருடனான உறவையும் ஐ.நா. பொதுச்செயலர் 2003இல் விதித்த ஒழுங்கு தடைசெய்கிறது. உதவி பெறுவோருடனான ஏனைய உறவுகளும் சமமற்ற ஆற்றலின்மேல் அமைந்தவையாதலால், அவை தவிர்க்கத்தக்கவை என அது வலியுறுத்துகிறது. பசித்தவளின் இசைவு முழு இசைவன்று என்பதே இதன் உட்கருத்து.

திருமறையும் இதனையே உணர்த்துகிறது. 2 சாமுவேல் 11இல் தாவீது ஆளனுப்பிப் பத்சேபாளை அழைப்பிக்கிறான். அரசனின் ஆளுக்கு மறுப்புரைக்க அவளால் இயன்றிருக்குமா? அவள் இசைவைப்பற்றி நூல் ஒன்றும் கூறவில்லை. அடுத்த அதிகாரத்தில் நாத்தானின் உவமையிலே ஆட்டுக்குட்டி குற்றம் சாட்டப்படுவதில்லை. அதனைக் கவர்ந்த செல்வனே சாட்டப்படுகிறான். சிறைப்பட்ட பெண்ணைப் பற்றிய உபாகமம் 21இன் சட்டம் நம் மனச்சான்றிற்கு நிறைவளிப்பதன்று. எனினும் அவள் துக்கங்கொண்டாட ஒரு மாதம் அளிக்கவும், பின்னர் அவளை விற்காதிருக்கவும் அது வீரனைக் கட்டுப்படுத்துகிறது. பொறுப்பு வலியவன்மீதே சுமத்தப்படுகிறது.

உண்மையான அன்பே தோன்றக்கூடாதா எனச் சிலர் வினவுவர். தோன்றலாம். ஆயினும் படை திரும்பும் நாளில் அவன் ஊர் செல்வான். அவளும் குழந்தையும் ஊராரின் பழிச்சொல்லோடு அங்கேயே தங்குவர். அந்நாளை முன்னிட்டு நடவாத அன்பு அன்பாகாது.

தாம்பரத்தில் விமானப்படைத் தளமும், பரங்கிமலையில் படை அதிகாரிகளின் பயிற்சிக் கழகமும் உள்ளன. பெரும்பாக்கம் முதலிய சுற்றூர்களில் பணிபுரியும் ஆயர், சீருடை அணிவோருக்கும் போரால் இடம்பெயர்ந்தோருக்கும் ஒருங்கே மேய்ப்பராக நேரலாம். வீரனுக்கு அவர் ஒழுக்கத்தை மட்டுமன்றி, தன் கையிலுள்ள ஆற்றலை அறியவும் கற்பிப்பாராக. பாதிக்கப்பட்ட பெண்ணிடம், “நீ ஏன் இசைந்தாய்?” எனத் திருச்சபை ஒருபோதும் கேளாதிருப்பதாக. அவள் பிள்ளைக்குத் திருமுழுக்களிக்கையில் தகப்பன் பெயரைக் குறித்துத் தயங்காதிருப்பதும் நம் கடமையே.