வேகம் கொஞ்சம் காத்திருக்கட்டும்

ஆர்.சி. கார் பந்தயம், அதாவது ரிமோட்டில் ஓட்டும் கார்களின் பந்தயம் என்று வாயைத் திறந்தாலே, "எவ்வளவு வேகம் போகும்?" என்றுதான் கேட்பார்கள். நீங்களும் கேட்டுவிட்டீர்கள். டீயை எடுத்துக்கொள்ளுங்கள், அதற்குப் பிறகு வருவோம்.

பொம்மைக் கடையில் வாங்கும் ரிமோட் கார் உடைந்தால் பரணில் போட வேண்டியதுதான். பந்தயத்துக்கான கார் அப்படியல்ல. முன்சக்கரத்தைத் தாங்கும் கை ஒடிந்தால் அதை மட்டும் வாங்கி மாட்டலாம். ஜப்பானின் தமியா நிறுவனம் 1976இல் போர்ஷே 934ஐ 1/12 அளவில் ரேடியோ காராகக் கொண்டுவந்தது. அதே நிறுவனத்தின் டிடி-02 என்ற 1/10 அளவு கார்தான் இன்று பல ஊர்களில் புதியவர்களின் முதல் வண்டி. நான்கு சக்கரமும் இழுக்கும்; உதிரிபாகம் எளிதில் கிடைக்கும்.

இதைப் பெரும்பாலும் பிரித்த பாகங்களாகவே விற்கிறார்கள். நீங்களே பூட்ட வேண்டும். சலித்துக்கொள்ளாதீர்கள், ஒவ்வொரு திருகையும் உங்கள் கையால் முடுக்கியிருந்தால்தான், மோதி நின்ற வண்டியில் எது கழன்றது என்று சட்டென்று தெரியும். பூட்டும்போதே அச்சுகளைத் தாங்கும் பிளாஸ்டிக் புஷ்களுக்குப் பதில் பால் பேரிங் போட்டுவிடுங்கள். பிறகு போடலாம் என்று விட்டால் முழு வண்டியையும் மறுபடி பிரிக்க வேண்டியிருக்கும். வண்டி விலையோடு செலவு முடிவதில்லை. ரிமோட், ரிசீவர், சக்கரத்தைத் திருப்பும் சர்வோ, பேட்டரி, சார்ஜர் எல்லாம் பெரும்பாலும் தனித்தனி.

பேட்டரியில் மட்டும் விளையாட்டு வேண்டாம். தொடக்கத்துக்கு 7.2 வோல்ட் நிக்கல் பேட்டரி போதும், கொஞ்சம் முரட்டுத்தனமாகக் கையாண்டாலும் பொறுத்துக்கொள்ளும். லிப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரி வாங்கினால், ஒவ்வொரு செல்லையும் சமமாக நிரப்பும் சார்ஜர் கட்டாயம். ஒரு செல் 4.2 வோல்ட்டைத் தாண்டக் கூடாது, 3 வோல்ட்டுக்குக் கீழே இறங்கவும் கூடாது. எடுத்து வைக்கும்போது 3.8 அளவில் வையுங்கள். உப்பிய பேட்டரியை மறுபடி சார்ஜ் செய்யவே செய்யாதீர்கள், தீப்பிடிக்கும். சார்ஜ் ஏறும்போது வீட்டைப் பூட்டிக்கொண்டு வெளியே போகிற வேலையும் கூடாது.

ஓட்டுவதில் புதியவரைத் திணறடிப்பது வேகம் அல்ல, திசை. வண்டி உங்களை விட்டு விலகிப் போகும்வரை இடது இடதுதான், வலது வலதுதான். திரும்பி உங்களை நோக்கி வரும்போது, நீங்கள் இடப்பக்கம் திருப்பினால் அது உங்கள் கண்ணுக்கு வலப்பக்கம் போகும். யோசித்து ஓட்ட அங்கே நேரமில்லை, விரலுக்குப் பழக வேண்டும். காலி மைதானத்தில் இரண்டு செங்கல்லை வைத்து எட்டுப் போடுங்கள். வண்டி ஓட்டும் உரிமத்துக்குப் போட்ட அதே எட்டு! மெதுவாக, செங்கல்லில் இடிக்காமல், அலுத்துப்போகும்வரை போடுங்கள்.

இப்போது வேகம். ஐந்து நிமிடப் பந்தயம், ஒரு சுற்றுக்கு 20 வினாடி என்று வையுங்கள். மொத்தம் 15 சுற்று. புது மோட்டார் சுற்றுக்கு அரை வினாடி மிச்சம் பிடித்தால் ஏழரை வினாடி லாபம். ஒருமுறை கவிழ்ந்து, யாராவது ஓடிவந்து நிமிர்த்திவைப்பதற்குள் அந்த லாபம் முழுவதும் போய்விடும். முதல் ஆண்டில் மோட்டாருக்குப் பணம் போடுவது வீண் என்பது என் கட்சி. நல்ல டயருக்குப் போடுங்கள்.

அந்த 'யாராவது' யார் தெரியுமா? சற்றுமுன் ஓட்டி முடித்தவர்தான். பல கிளப்புகளில் உங்கள் பந்தயம் முடிந்ததும் ரிமோட்டை வைத்துவிட்டு ஓடுதளத்தின் ஒரு வளைவில் போய் நிற்க வேண்டும், அடுத்தவர்களின் வண்டிகளைத் தூக்கிவிட. மார்ஷல் என்பார்கள். கடைசி இடத்தில் வந்தவரை யாரும் கேலி செய்வதில்லை. மார்ஷல் நிற்காமல் நழுவியவரை மறப்பதும் இல்லை.

ஆகவே, கடைக்குப் போகும் முன் ஏதாவதொரு ஓடுதளத்துக்குப் போய் ஒரு நாள் வேடிக்கை பாருங்கள். அங்கே அதிகம் பேர் எந்த வண்டி, எந்த டயர் ஓட்டுகிறார்கள் என்று கேட்டு, அதையே வாங்குங்கள். ஒடிந்த பாகத்துக்கு அன்று மாலையே பக்கத்து மேசையில் மாற்று கிடைத்துவிடும்.