கசப்பு எல்லோருக்கும் ஒன்றல்ல

ஒரே சட்டியில் சமைத்த பாகற்காய்க் கறியை ஒரு குடும்பத்தில் நால்வர் உண்கிறார்கள். தகப்பன் இன்னும் கொஞ்சம் கேட்டு வாங்குகிறார். தாய்க்கு அது பரவாயில்லை. மூத்தவள் முகத்தைச் சுளித்துக்கொண்டு விழுங்குகிறாள். சின்னவன் வாயில் வைத்த மாத்திரத்திலே துப்பிவிடுகிறான். உடனே "உனக்கு வாய்க்கொழுப்பு" என்று அவனுக்கு ஏச்சு விழுகிறது.

இடம்பெயர்ந்த குடும்பங்களில் இந்தச் சிக்கல் இன்னும் பெரிதாகிறது. தன் வீட்டுக் கொல்லையில் பறித்து, தன் பிள்ளைகளின் வாய்க்கு ஏற்றபடி சமைத்த தாய், இப்போது பொதுச் சமையலறையில் எல்லோருக்கும் ஒன்றாக ஆக்கியதை வாங்கிக் கொடுக்க வேண்டியுள்ளது. புதிய மண்ணில் கிடைப்பதோ பழகாத கீரையும் பழகாத கிழங்கும். அங்கே "கசக்கிறது" என்று ஒரு பிள்ளை சொன்னால், அது பிடிவாதமாகவும் நன்றிகெட்டதனமாகவும் எண்ணப்படுகிறது. ஆனால் அந்தப் பிள்ளை சொல்வது பெரும்பாலும் உண்மையே. உங்கள் நாக்குக்குத் தெரியாத கசப்பு அதன் நாக்குக்குத் தெரிகிறது.

நாக்கில் நிற்கும் காவலர்கள்

மிருகம் வந்தால் செடியால் ஓட முடியாது. ஆகவே பல தாவரங்கள் தங்களைக் காத்துக்கொள்ள இலையிலும் காயிலும் கிழங்கிலும் நஞ்சை உண்டாக்கி வைத்துள்ளன. அந்த நஞ்சுகளில் பல கசப்பானவை. அவற்றை உண்ணாமல் தடுக்கும் காவலனாக நமது நாக்கில் கசப்புணர்வு அமைந்திருக்கிறது. பிறந்த சிசுவின் நாக்கில் கசப்பு பட்டாலும் அது முகத்தைச் சுளிக்கும். யாரும் அதற்குக் கற்றுக் கொடுப்பதில்லை.

இனிப்பை அறிய நாக்கில் முக்கியமாக ஒரு வகை ஏற்பியே உண்டு. கசப்பை அறியவோ ஏறத்தாழ 25 வகை ஏற்பிகள் உள்ளன. கசப்பான பொருட்கள் ஆயிரக்கணக்கில் இருப்பதால் பல காவலர்கள் தேவைப்படுகிறார்கள். இந்தக் காவலர்கள் எல்லோரிடமும் ஒரேவிதமாக விழித்திருப்பதில்லை. ஒருவர் நாக்கில் விழித்திருக்கும் காவலன் மற்றவர் நாக்கில் உறங்கலாம்.

இது தெரியவந்தது தற்செயலாகவே. 1931ஆம் ஆண்டு அமெரிக்காவின் டூபோன்ட் நிறுவனத்தில் ஆதர் ஃபொக்ஸ் என்ற இரசாயன அறிஞர் ஒரு தூளைப் பாத்திரத்தில் கொட்டும்போது சிறிது காற்றில் பறந்தது. அதன் பெயர் பினைல்தயோகார்பமைட். அருகில் நின்ற சக அறிஞர் வாயெல்லாம் கசக்கிறது என்று முறையிட்டார். ஃபொக்ஸுக்கு எந்தச் சுவையும் தெரியவில்லை. இருவரும் தூளை நாக்கில் வைத்துப் பார்த்தார்கள். ஒருவருக்குக் கடுங்கசப்பு, மற்றவருக்கு ஒன்றுமே இல்லை. பின்னர் பல நாடுகளில் சோதித்தபோது, பொதுவாகப் பத்துப் பேரில் ஏழு பேர் அளவில் அதைக் கசப்பாக உணர்வதும், இந்த அளவு இனத்துக்கு இனம் மாறுவதும் தெரியவந்தது.

இந்த வேறுபாட்டுக்குக் காரணமான டாஸ்2ஆர்38 என்னும் மரபணு 2003இல் கண்டுபிடிக்கப்பட்டது. தாயிடமிருந்து ஒரு பிரதியும் தகப்பனிடமிருந்து ஒரு பிரதியும் நமக்குக் கிடைக்கின்றன. இரண்டும் கூர்மையான வகையாக இருந்தால் கசப்பு கடுமையாகத் தெரியும். இரண்டும் மந்தமான வகையானால் அநேகமாகத் தெரியாது. ஒன்று கூர்மை, ஒன்று மந்தம் என்றால் நடுத்தரமாக இருக்கும். ஒரே வயிற்றில் பிறந்த பிள்ளைகளுக்குள்ளும் நாக்கு வேறுபடுவது இதனாலேயே.

நுவரெலியாப் பக்கத்தில் நாம் பயிரிடும் கோவா, நோக்கோல், முள்ளங்கி ஆகியவற்றில் அந்தத் தூளை ஒத்த பொருட்கள் சிறிதளவில் உள்ளன. கூர்மையான நாக்கு உள்ளவருக்கு இந்த மரக்கறிகள் கசக்கும். மற்றவருக்கு அவை அவ்வளவாகக் கசக்காது.

மலைநாட்டின் மூன்று கசப்புகள்

நமது மலைநாட்டின் வரலாறே மூன்று கசப்புப் பயிர்களின் வரலாறுதான். முதலாவது கோப்பி. 1869இல் இலைத்துரு நோய் தோன்றி, அடுத்த இருபது ஆண்டுகளுக்குள் கோப்பித் தோட்டங்களை அழித்தது. இரண்டாவது சிங்கோனா. கொய்னா மருந்து இதன் பட்டையிலிருந்தே வந்தது. இதைப் பயிரிட்டுப் பார்க்கவே 1861இல் ஹக்கலைத் தோட்டம் அமைக்கப்பட்டது. கோப்பி வீழ்ந்தபோது துரைமார் சிங்கோனாவை ஏராளமாக நட்டனர். பின்னர் சந்தையில் பட்டை குவிந்து விலை சரிந்ததும் அதையும் கைவிட்டனர். 1934-35இல் மலேரியாவால் இந்நாட்டில் ஏறத்தாழ 80,000 பேர் மாண்டபோது நோயாளருக்குக் கொடுக்கப்பட்டதும் இந்தக் கசப்பு மருந்தே. மூன்றாவது தேயிலை. 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில் 19 ஏக்கரில் அதைப் பயிரிட்டார். இன்றுவரை நம் மக்கள் அதன் கொழுந்தைப் பறிக்கிறார்கள்.

கொய்னாவின் கசப்பை அறியும் ஏற்பிகள் வேறு, கோவாவின் கசப்பை அறியும் ஏற்பி வேறு. ஆகவே கோவா கசக்காத ஒருவருக்கு மாத்திரை கடுமையாகக் கசக்கலாம். பிரித்தானியாவில் 4 இலட்சத்துக்கும் அதிகமானோரின் விபரங்களைக் கொண்டு 2018இல் வெளியான ஓர் ஆய்வு, கொய்னாவின் கசப்பை மரபிலே கூர்மையாக உணர்வோர் கோப்பியைக் குறைத்துத் தேநீரைக் கூடுதலாகக் குடிப்பதாகக் கண்டது.

தேத்தண்ணியில் நாம் "கசப்பு" என்று சொல்வது உண்மையில் இரண்டு. ஒன்று கஃபீன் முதலியவை தரும் கசப்பு. மற்றது துவர்ப்பு. தேயிலையிலுள்ள பொருட்கள் உமிழ்நீரிலுள்ள புரதத்தைப் பிடித்துக்கொள்வதால் வாய் காய்ந்து இழுப்பதுபோல் இருக்கிறது. பால் ஊற்றினால் அந்தப் பொருட்கள் பாலின் புரதத்தோடு சேர்ந்துவிடுகின்றன, துவர்ப்பு குறைகிறது. மேல்நாட்டார் அருந்தும் சிவந்த திராட்சை இரசத்திலும் தோலிலிருந்தும் விதையிலிருந்தும் இதே துவர்ப்பு வருகிறது. ஒருவர் மெச்சும் இரசத்தை மற்றவர் வாயில் வைக்க முடியாதிருப்பதற்கு இந்த நாக்கு வேறுபாடும் ஒரு காரணம். அறுசுவையில் கசப்பையும் துவர்ப்பையும் வெவ்வேறாக எண்ணிய நம் முன்னோர் இதை நன்கு அறிந்திருந்தனர்.

வயதும் பழக்கமும்

மரபு மட்டும் எல்லாவற்றையும் முடிவு செய்வதில்லை. ஒரு கூர்மையான பிரதியும் ஒரு மந்தமான பிரதியும் உள்ள சிறுபிள்ளை, அதே மரபணு அமைந்த தாயைவிடக் கசப்பைக் கூடுதலாக உணர்கிறது என்று 2005இல் வெளியான ஆய்வொன்று காட்டியது. ஆகவே "எனக்குக் கசக்கவில்லையே, உனக்கு மட்டும் எப்படி?" என்று தாய் கேட்பது நியாயமல்ல. கர்ப்பத்தின் தொடக்க மாதங்களில் பல பெண்களுக்குக் கசப்பு கூடுதலாகத் தெரியும். முதுமையில் சுவை மங்கும். காய்ச்சலும் சில மருந்துகளும் வாயைக் கசப்பாக்கும்.

எனினும் நாக்கு பழகக்கூடியது. தாய் உண்ணும் உணவின் வாசனை கருவிலிருக்கும் பிள்ளைக்கும், பின்னர் தாய்ப்பாலின் வழியாகவும் போய்ச் சேருகிறது. வெறுக்கும் ஒரு கீரையைச் சிறிது சிறிதாகப் பத்துத் தடவை வரை வற்புறுத்தாமல் கொடுத்தால் பல பிள்ளைகள் அதை ஏற்றுக்கொள்கிறார்கள். அடித்து ஊட்டினால் கீரையோடு அடியும் நினைவில் நிற்கும்.

நம்ப வேண்டிய கசப்பு

எல்லாக் கசப்பையும் பழகிக்கொள்ளக் கூடாது. இடம்பெயர்ந்த விவசாயிகள் இதை முக்கியமாகக் கவனிக்க வேண்டும்.

மரவள்ளியில் சயனைட் நஞ்சை உண்டாக்கும் பொருள் உண்டு. பொதுவாகக் கசப்பு இனங்களில் அது அதிகம். ஆபிரிக்காவில் பல விவசாயிகள் கசப்பு மரவள்ளியை விரும்பியே நடுகின்றனர், ஏனெனில் மிருகங்களும் கள்வரும் அதை எளிதில் தொடுவதில்லை. அதைப் பல நாள் ஊறவைத்தோ உலர்த்தியோ நஞ்சை நீக்கி உண்பது அவர்கள் வழக்கம். ஆனால் 1981இல் மொசாம்பிக் நாட்டின் வடபகுதியில் வறட்சியும் பஞ்சமும் நெருக்கியபோது மக்களால் அத்தனை நாள் காத்திருக்க முடியவில்லை. பசியால் அவசரப்பட்டு உண்டார்கள். 1,000க்கும் மேற்பட்டோருக்குக் கால்கள் விறைத்து முடமாயின. அவர்களுள் பெரும்பாலானோர் பெண்களும் சிறுவரும்.

சுரைக்காய், பீர்க்கு, வெள்ளரி ஆகியவை வழமைக்கு மாறாகக் கசந்தாலும் ஆபத்து. 2010இல் தில்லியில் கசப்பான சுரைக்காய்ச் சாறு குடித்த அறிஞர் ஒருவர் உயிரிழந்தார். கசக்கும் சுரைக்காயை உண்ண வேண்டாம் என இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் அமைத்த நிபுணர் குழு எச்சரித்தது. இந்தக் கசப்பு சமைத்தாலும் போகாது. பாகற்காயின் இயல்பான கசப்பு வேறு, கசக்கக் கூடாத காய் கசப்பது வேறு.

நாம் செய்யக் கூடியவை

1. சமைக்குமுன் சுரை, பீர்க்கு, வெள்ளரி ஆகியவற்றில் ஒரு சிறு துண்டை நாக்கில் வைத்துப் பார்த்துத் துப்பிவிடுங்கள். ஒருவர் மட்டும் பார்ப்பது போதாது, இருவர் பாருங்கள். ஒருவர் கசக்கிறது என்றாலும் அந்தக் காயை எறிந்துவிடுங்கள்.

2. புதிய இடத்தில் மரவள்ளித் தடி வாங்கும்போது அது எந்த இனம் என்று அவ்வூராரிடம் கேளுங்கள். கிழங்கின் தோலை முழுவதும் நீக்கி, துண்டாக வெட்டி, நிறைய நீரில் மூடாமல் அவித்து, அந்த நீரை ஊற்றிவிடுங்கள். கசக்கவில்லை என்பதற்காகப் பச்சையாக உண்ண வேண்டாம். அவித்த பின்னும் கசந்தால் உண்ண வேண்டாம்.

3. பாகற்காயை உப்பிட்டுப் பிசைந்து சிறிது நேரம் வைத்துப் பிழிந்து சமையுங்கள். உப்பு நாக்கில் கசப்பை அடக்கும் என்பதை ஆய்வுகளும் உறுதிப்படுத்தியுள்ளன. தேங்காய்ப்பாலும் கசப்பைக் குறைக்கும்.

4. பொதுச் சமையலில் கசப்பான கீரையைத் தனிச் சட்டியில் ஆக்குங்கள். வேண்டியவர் எடுத்துக்கொள்ளட்டும்.

5. பிள்ளை மருந்தைத் துப்பினால் பாதியில் நிறுத்தாதீர்கள். எதனோடு கலந்து கொடுக்கலாம் என்று மருந்து கொடுத்தவரிடம் கேளுங்கள்.

இடம்பெயர்ந்தவர்களின் சொல்லைப் பலர் நம்புவதில்லை. "அவர்களுக்கு என்ன குறை?" என்று கேட்போர் ஏராளம். அந்த வேதனையை அறிந்த நாம், நம் வீட்டுக்குள் "கசக்கிறது" என்று சொல்லும் பிள்ளையின் சொல்லையாவது நம்புவோம். சில வேளைகளில் அந்தச் சொல் முழுக் குடும்பத்தின் உயிரையும் காக்கும்.